பெரிய கொட்டகையின் பெண்கள் வாசல்

எங்கள் அக்கா போய் இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. மஞ்சக்குப்பம் வீட்டுக்குப் படத்திறப்புக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் ஒரே தங்கை எழுதுவது. புயலுக்குப் பிறகு கடலூர் அச்சகங்களில் வேலை குவிந்து கிடந்ததால் இதைச் சிதம்பரத்தில் அச்சடித்தோம். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நல்லா நாலு வார்த்தை எழுதும்மா. சிரிச்ச முகம்னு போடு, எல்லாருக்கும் ஓடி ஓடி செஞ்சாங்கன்னு போடு" என்று எங்கள் அம்மாவின் தம்பி, சின்ன மாமா சொன்னார். மாமா மன்னிக்க வேண்டும். அக்கா சிரித்த முகமெல்லாம் கிடையாது. சினிமாக் கொட்டகையில் பெண்கள் வாசலில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவருக்குச் சிரித்த முகம் இருந்தால் கதை நடக்குமா? கையைக் குறுக்கே நீட்டி, "டிக்கெட்டு எங்க?" என்று அவர் கேட்டால், டிக்கெட் வைத்திருப்பவளுக்கே ஒரு நொடி பயம் வரும். அந்த முகத்தைத்தான் எனக்குப் பிடிக்கும். அதைத்தான் எழுதப் போகிறேன்.

அக்கா பிறந்தது காட்டுமன்னார்கோயில் பக்கம். அப்பா ரைஸ் மில்லில் வேலை பார்த்தார். நாங்கள் இரண்டே பேர், ஏழு வருஷ இடைவெளி. எனக்கு ஐம்பத்து நாலு வயதாகி, அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட் ஆன பிறகும் அக்காவுக்கு நான் "பாப்பா"தான். அக்காவைக் கடலூரில் கட்டிக் கொடுத்தார்கள். மாமா, அதாவது அக்காவின் கணவர், திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிற வேலையில் இருந்தார். தியேட்டர் போர்டில் ஏதோ ஒரு பெயர் எழுதியிருக்கும். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது பெரிய கொட்டகை.

கல்யாணமான இரண்டாம் வருஷம் மாமா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். குழந்தை இல்லை. அப்பா கூப்பிட வந்தபோது அக்கா ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தியேட்டர் முதலாளி நல்ல மனிதர். மாமாவின் வேலைக்குப் பதிலாக அக்காவைப் பெண்கள் வாசலில் நிறுத்தினார். கையில் ஒரு டார்ச் லைட் கொடுத்தார். இருபத்திரண்டு வயதில் அந்த டார்ச்சைப் பிடித்தவர், கொட்டகையை இடிக்கும் வரைக்கும் விடவில்லை.

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கொட்டகை எப்படி இருந்தது என்று தெரியாது. முகப்பில் இரண்டு பெரிய சிமெண்ட் யானைகள். நடுவில் மொசைக் படிக்கட்டு. பால்கனிக்குப் போகிற வழியில் ஆள் உயரக் கண்ணாடிகள். படம் தொடங்கும் முன் வெல்வெட் திரை மடிப்பு மடிப்பாக மேலே ஏறும். சிவப்பு, பச்சை, நீலம் என்று அதன்மேல் வெளிச்சம் மாறும்போது சனம் அதற்கே கை தட்டும். ஆனால் தரை டிக்கெட் பெண்களுக்கு இந்த யானையும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. பக்கத்துச் சந்து வழியாக உள்ளே போக வேண்டும். இடுப்பு உயரச் சுவர் ஒன்று ஆண்கள் பகுதியையும் பெண்கள் பகுதியையும் பிரிக்கும். அந்தச் சந்து முனையில் ஒரு மர ஸ்டூல். அதுதான் அக்காவின் ராஜ்ஜியம்.

அங்கே அக்கா தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். முதலாளி சொன்னதல்ல, அவராகவே வைத்தது. கூட்டமாக வருகிறவர்களை, "போங்க, போங்க, எங்க வேணாலும் உக்காருங்க" என்று தள்ளிவிடுவார். ஒரு பெண் தனியாக வந்தால் மட்டும் நிறுத்துவார்.

"தனியாவா வந்த?"

"ஆமாங்க."

"இரு."

டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டே கூட்டிப்போய், ஏற்கெனவே தனியாக வந்து உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்ணின் பக்கத்தில் உட்கார வைப்பார். "இந்தா, இவளும் தனியாத்தான் வந்துருக்கா. ரெண்டு பேரும் பாத்துக்குங்க." அவ்வளவுதான், திரும்பி வந்துவிடுவார். புருஷனிடம் கோபித்துக்கொண்டு வந்தவள், ஆஸ்பத்திரியில் ஆளை விட்டுவிட்டு மூன்று மணி நேரம் எங்கேயாவது உட்கார வேண்டும் என்று வந்தவள், நர்ஸ் வேலைக்கு வந்து ஊரில் யாரையும் தெரியாத பெண் என்று எத்தனையோ பேர். ஒற்றைப்படையாக ஒருத்தி மிஞ்சிவிட்டால், இடைவேளைக்கு அப்புறம் அக்காவே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

"அவுங்கவுங்க நிம்மதியா படம் பாக்கட்டுமே. நீ எதுக்குக்கா கோத்து விடுற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போடி. ரெண்டு பேரா அழுதா படத்துக்கு அழுவறாங்கன்னு நெனப்பாங்க. ஒருத்தி மட்டும் அழுதா, என்னா ஏதுன்னு ஊரு திரும்பிப் பாக்கும்" என்றார்.

என் கணவர் காலமான வருஷம் நானும் ஒரு நாள் அந்தச் சந்து வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கூட்டிப்போய் சுவரோரம் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பெண்கள் வாசலில் யாரும் டிக்கெட் கிழிக்கவில்லை. எத்தனை பேர் சும்மா நுழைந்தார்களோ தெரியாது.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கல்யாண மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் நிறைந்து போனதும், முதலாளி கொட்டகையைத் திறந்துவிட்டார். மூன்று நாள் படம் இல்லை. கடற்கரைக் குப்பங்களிலிருந்து வந்த சனம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. எதிரே வெறும் வெள்ளைத் திரை. அக்கா வழக்கம்போல வாசலில் நின்றார். அன்றைக்கு, "தனியாவா வந்த?" என்று கேட்க முடியுமா? முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாராம். அஞ்சலை என்கிற மீன்காரம்மாவை அப்படித்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், வேறு குப்பத்திலிருந்து வந்த மல்லிகா என்ற பெண்ணின் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒருத்தி புருஷனைப் பறிகொடுத்தவள், ஒருத்தி மகளை. "ஒன்னும் பேச வேணாம். பக்கத்துல இருங்க, போதும்" என்று சொன்னாராம். அந்த இரண்டு பேரும் இன்றுவரை ஒரே இடத்தில் கூடை வைத்து மீன் விற்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது அக்காவுக்கு மீன் கொண்டுவந்து கொடுக்காமல் இருந்ததில்லை.

அதற்கப்புறம் கொட்டகைக்குக் கூட்டம் குறைந்தது. வீட்டுக்கு வீடு டிவி, தெருவுக்குத் தெரு சிடி. முதலாளி காலமானார். பிள்ளைகள் சென்னையில் இருந்தார்கள், விற்றுவிட்டார்கள். சுனாமி முடிந்து இரண்டு வருஷத்தில் கொட்டகையை இடிக்க ஆள் வந்தது.

இடிப்பதற்கு முன் உள்ளே இருந்த சாமான்களை விற்றார்கள். அக்கா என்னையும் வரச் சொன்னார். அன்றைக்குச் சந்துக் கதவைப் பூட்டியிருந்தார்கள். முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். யானைகளுக்கு நடுவில் படியேறும்போது அக்கா நின்றார். "பாப்பா, இத்தினி வருசத்துல இப்பத்தான்டி இந்தப் பக்கமா வரேன்" என்றார். உள்ளே நாற்காலிகளைப் பெயர்த்துக் குவித்திருந்தார்கள். இரும்புக் காலில் நாலு நாலாகக் கோத்த நாற்காலிகள். அக்காவுக்கு இரண்டு மட்டும் வேண்டுமாம்.

"அப்படியெல்லாம் பிரிக்க முடியாதும்மா. எடுத்தா நாலா எடு" என்றான் விற்கிறவன்.

"அறுத்துத்தான் எடுக்கணும்னா ஒன்னு போதுமேக்கா. வீட்டுல நீ ஒரு ஆளுதானே?" என்றேன் நான். என் வாய் எப்போதுமே இப்படித்தான்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒத்த சீட்ட வாங்கி வெச்சிகினு செவுத்தையா பாக்கறது?" என்று கேட்டுவிட்டு, வெல்டிங் கடைக்காரரைக் கூட்டிவந்து நடுவில் அறுக்கச் சொன்னார். ஒட்டிப்பிறந்த இரண்டு நாற்காலிகள் மாட்டு வண்டியில் மஞ்சக்குப்பம் வந்தன. இதோ, இந்தக் கூடத்தில் நீங்கள் பார்ப்பது அவைதான். மூட்டைப்பூச்சியை ஒழிக்க மூன்று வாரம் வெந்நீர் ஊற்றினோம்.

கொட்டகை இருந்த இடத்தில் ஒரு காம்ப்ளெக்ஸ் எழும்பியது. செல்போன் கடைகள், துணிக்கடை. பெண்கள் சந்து, வண்டி நிறுத்தும் இடம் ஆனது. மேட்னி நேரத்துக்கு அக்கா தினமும் அங்கே போய் நின்றிருக்கிறார். எனக்கு இது தெரியவே தெரியாது. ஒருநாள் வாட்ச்மேன், "யாருக்காவம்மா நிக்கிறீங்க?" என்று கேட்டாராம். அன்றோடு போவதை நிறுத்திக்கொண்டார். இதையும் அஞ்சலை சொல்லித்தான் கேட்டேன்.

அப்போது நான் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். ஒரே மகள் கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள். அக்கா மஞ்சக்குப்பத்தில் தனியாக. நடுவில் ஒன்றேகால் மணி நேர பஸ் பயணம், அவ்வளவுதான் தூரம். ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவோம். "என்னா சமைச்ச?" "ரசம். நீ?" "நானும் ரசந்தான்." "உடம்பு?" "எனக்கென்னா, ஜம்முன்னு இருக்கேன்." "நானும் ஜம்முன்னுதான் இருக்கேன்." இரண்டு பொய்க்காரிகள்.

மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை நான் கடலூர் போவேன். அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து காபி குடிப்போம். எதிரே சுவர்தான். ஆனாலும் இரண்டு பேராக உட்கார்ந்தால் சுவரைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று அப்போது தெரிந்தது. சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வருவார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வெளியே நின்றபடியே, பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத பெண்ணிடம், "ம்மா, இது என் தங்கச்சி. தனியா போவுது. சிதம்பரம் வரைக்கும் பாத்துக்குங்க" என்பார். எனக்கு மானம் போகும். "அக்கா, நான் ஆஃபீசுல இருபது பேர மேய்க்கிறேன்" என்று பல்லைக் கடிப்பேன். "மேய்ச்சிக்கோ. பஸ்சுல நீ தனி ஆளுதானே?" என்பார்.

இப்படியே ஐந்து வருஷம் ஓடியது. என்னோடு வந்து இரு என்று நான் ஏன் கூப்பிடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சொந்த வீடு, பழகிய தெரு, அக்கா கிளம்ப மாட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மகள் கேட்டபோது, "அவுங்களா வரேன்னு சொன்னா நான் வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றேன். நினைத்தால் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

போன டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. போன் இல்லை, கரண்ட் இல்லை, ரோடு முழுக்க மரம். மூன்றாம் நாள்தான் ஆலப்பாக்கம் வரை ஒரு வண்டி கிடைத்தது. மிச்சத்தை நடந்தும் லாரியில் ஏறியும் போய்ச் சேர்ந்தேன். வீட்டின் பின்பாதி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போயிருந்தது. அக்கா நாற்காலிகளுக்கு ரெக்சின் போர்த்தி, அதில் ஒன்றின்மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். வீடெல்லாம் தண்ணீர். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? எப்படிடி வந்த, தனியாவா?" என்றார். நான் அழுதுவிட்டேன். அழுகையை மறைக்க அதட்டினேன்.

"கிளம்புக்கா. கூரை வேலை முடியிற வரைக்கும் அங்க வந்து இரு."

அக்கா என் முகத்தையே பார்த்தார். "முடியிற வரைக்குமா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

"சரி" என்று எழுந்து பையை எடுத்தார்.

மூன்று வாரம் அக்கா என் வீட்டில் இருந்தார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு மூன்று வாரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அலுவலகம் விட்டு வரும்போது கேட்டில் நின்றுகொண்டிருப்பார். "ஏன் அஞ்சு நிமிசம் லேட்டு?" என்று அதட்டுவார். இரண்டு டம்ளர் அரிசி வைப்பார். ஜாஸ்தி உப்பு போடுவார், நான் திட்டுவேன், மறுநாளும் ஜாஸ்தியாகவே போடுவார். சிதம்பரத்தில் ஆருத்ரா தேர் பார்க்கக் கூட்டிப்போனேன். தெற்கு வீதிக் கூட்டத்தில் திடீரென்று ஆளைக் காணோம். பதறிப்போய்த் தேடினால், தேர் பார்க்கத் தனியாக வந்த யாரோ ஒரு அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார். "இவுங்களும் நம்ம கூட நிக்கட்டும்" என்றார். நின்றார்கள். பொங்கலுக்கு ஒரே பானை வைத்தோம். பொங்கி வழிந்தபோது இரண்டு கிழவிகளும் சின்னப் பிள்ளைகளாட்டம் கத்தினோம். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கொத்தனார் போன் பண்ணினார். கூரை போட்டாயிற்றாம். நான் அக்காவிடம் சொன்னேன். "அப்படியா? நல்லதாப் போச்சு" என்றார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தார். பார் எவ்வளவு அவசரம், வீட்டு நினைப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு ரோசம்கூட வந்தது. "நாளைக்குப் போலாமேக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னேன். "இல்ல பாப்பா, முடிஞ்சிருச்சில்ல" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். எனக்காக எத்தனையோ தடவை அக்கா செய்ததை, அன்று நான் செய்யவில்லை. இது என் அக்கா, தனியாகப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. கையை ஆட்டினேன். பஸ் போய்விட்டது.

அடுத்த இரண்டு வாரம் வழக்கம்போல போனில் ரசம், ஜம்மு. மூன்றாம் வாரம், வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா கதவைத் தட்டியிருக்கிறார். அக்கா பாயில் படுத்தபடியே போயிருந்தார். நெஞ்சடைப்பு, சிரமப்பட்டிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். அறுபத்தொரு வயது.

எடுத்துக்கொண்டு போன பிறகு, அஞ்சலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மீன் வாசனையோடு அப்படியே வியாபாரத்திலிருந்து வந்திருந்தாள்.

"ஏம்மா, அக்காவ அங்கயே வெச்சிக்கிறதுதான?" என்றாள்.

"அவுங்கதான் போவணும்னு கிளம்புனாங்க" என்றேன்.

"யாரு சொன்னா? ஒன் வீட்டுலேர்ந்து திரும்பி வந்த அன்னைக்கி எங்கிட்ட அப்படி அழுதுச்சு. 'இங்கயே இருந்துடுன்னு எந்தங்கச்சி ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சாவிய ஒங்கையில குடுத்துட்டுப் போயிருப்பன்டி'ன்னுச்சு. நீயே கேக்க வேண்டிதான எக்கான்னு கேட்டன். 'அவ முடியிற வரைக்கும்னுதான் சொன்னா. டிக்கெட்டு இல்லாத உள்ள உக்காரக் கூடாதுடி'ன்னுடுச்சு."

அக்காவின் வாசல் சட்டம் அது. முப்பது வருஷத்துக்கு மேல் மற்றவர்களுக்குப் போட்ட சட்டத்தைத் தனக்கும் போட்டுக்கொண்டார். ஊரில் தனியாக வந்தவர்களையெல்லாம் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தவர் அவர். அவரை உட்கார வைக்க வேண்டிய ஒரே ஆள் நான். எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பக்கத்திலும் இடம் காலியாகத்தான் இருந்தது. வா என்று சொல்வதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கதவைத் தட்டி, எல்லோருக்கும் தகவல் சொல்லி, நான் வந்து சேரும் வரை அக்காவின் பக்கத்திலேயே இருந்த டீச்சரம்மாவை மறக்க மாட்டேன். தோள் கொடுத்த தெருப்பிள்ளைகளுக்கும், வயதைப் பார்க்காமல் காரியங்களை முன்நின்று நடத்திய சின்ன மாமாவுக்கும், விடுப்புப் போட்டு வந்த என் அலுவலகத் தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். புயலுக்குப் பின் ஆள் கிடைக்காத நேரத்தில் கூரையை இருபதே நாளில் போட்டுக் கொடுத்த கொத்தனாருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். அவர் இன்னும் கொஞ்சம் தாமதித்திருக்கலாம் என்று மனம் அடித்துக்கொள்கிறது, அது அவர் குற்றமில்லை. அஞ்சலைக்கும் மல்லிகாவுக்கும் என்ன நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவர்கள்தான் அக்காவுக்குக் கூடப்பிறந்தவர்களாக இருந்தார்கள்.

கடைசியாக ஒன்று. சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். இன்று படத்திறப்புக்குத் தனியாக வந்தவர்கள் இருப்பீர்கள். கூச்சப்படாமல் கூடத்துக்கு வாருங்கள். கொட்டகை நாற்காலி இரண்டும் அங்கே இருக்கின்றன. ஒன்றில் நான் உட்கார்ந்திருப்பேன். இன்னொன்றில் வந்து உட்காருங்கள். எது வரைக்கும் என்று நான் கேட்க மாட்டேன்.